அப்பாவின் ஞாயிறும் கடைசி ஸ்டேஷனும்

செப்டம்பர் 4, வியாழன்

இன்று சாப்பிடும்போது அப்பா ஒரு விஷயத்தைச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று மேலதிகாரி கேட்டிருக்கிறாராம். சம்பளம் கொஞ்சம் கூடும். பதிலுக்குப் புதன்கிழமை லீவு. மாதக் கடைசிக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை எனக்கும் பட்டாணிக்கும் பள்ளிக்கூடம். அம்மாவுக்கு மருத்துவமனையில் வேலை. அப்பா நான்கு சுவர்களோடு லீவு கொண்டாடுவார்.

(வயதான பிறகு இந்த நோட்டைப் படிக்கப்போகும் எனக்காக எழுதிவைக்கிறேன்: பட்டாணி என் தங்கை, ஐந்து வயது, உருண்டையாக இருப்பாள், ஓரிடத்தில் நிற்கமாட்டாள். அப்பா சுரங்க ரயில் ஓட்டுகிறார். அம்மா மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருக்கிறாள். நான் படிப்பேன்.)

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அப்பா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்து நான் என்ன பண்றேன் சொல்லு? தூங்கறேன். எழுந்து, சத்தம் போடாதீங்கன்னு உங்களைப் பார்த்துக் கத்தறேன். மறுபடி தூங்கறேன். இதுக்கு நான் எதுக்கு?"

அவர் சொன்னது உண்மைதான். போன வருஷம் அந்தத் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போய் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ‘வெளியே போகலாம்’ என்பது கெட்ட வார்த்தை மாதிரி ஆகிவிட்டது. நுழைவு டிக்கெட்டிலேயே அம்மாவின் முகம் வாடிவிட்டது. அரை நாள் வரிசையில் நின்றோம். பட்டாணி உயரம் போதாது என்று சறுக்கில் ஏற்றவில்லை. ஏற்றாத சறுக்குக்கு எதற்கு டிக்கெட் என்று அப்பா கவுண்டரில் சண்டை போட்டார். எல்லாரும் எங்களையே பார்த்தார்கள்.

மாதக் கடைசிக்குள் ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையை உண்டாக்க வேண்டும். பணம் செலவாகக் கூடாது. அப்பா தூங்கக் கூடாது. யாரும் கத்தக் கூடாது. முடியுமா? முடிய வேண்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

பள்ளி நூலகத்தில் நகரத்தின் தோட்டங்களும் நீர்நிலைகளும் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. அட்டை கிழிந்திருக்கிறது, ஆனால் உள்ளே அழகான கோட்டோவியங்கள். எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்திலேயே ஒரு அல்லிக் குளம் இருக்கிறதாம்! மூங்கில் தோப்பு, கற்படிகள், நான்கு வகைத் தும்பிகள். இத்தனை நாள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எப்படித் தெரியாமல் போயிற்று?

செப்டம்பர் 7, ஞாயிறு

குளம் இல்லை.

அதாவது, இடம் இருக்கிறது. அந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கார் கடை இருக்கிறது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். அப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "டீச்சரம்மா, இந்த சிவப்பு வண்டி அதுல எந்த வகைத் தும்பி?" என்றார்.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், அழுகை முந்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். புத்தகம் அச்சானபோது அம்மாவே பிறக்கவில்லை. முதல் பக்கத்தைப் படிக்காமல் நேரே பதினேழாம் பக்கத்துக்குப் போனது என் புத்தி.

செப்டம்பர் 10, புதன்

இந்த முறை பெரிய பூங்கா. அது இருக்கிறது, பள்ளி வேன் தினமும் அதன் வழியாகத்தான் போகிறது. அனுமதி இலவசம். இன்று முழுக்க உட்கார்ந்து திட்டம் போட்டேன். இலைகளை உற்று நோக்கல், பறவைகளின் ஒலி, பிறகு வினாடி வினா. பட்டாணிக்கு எளிய கேள்விகள், அப்பாவுக்குக் கடினமானவை. வெற்றி பெறுகிறவருக்கு என் புது அழிப்பான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இலைகள் முடிவதற்குள் பட்டாணி ஊஞ்சலுக்கு ஓடினாள். இப்போது ஊஞ்சல் நேரம் இல்லை என்று இழுத்து வந்தேன். அழுதாள். பறவைகள் பகுதியில், கண்ணை மூடிக்கொண்டு ஒலிகளைக் கேளுங்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன். அப்பா கண்ணை மூடினார். மூடியவர் திறக்கவில்லை. பெஞ்சில் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனார்.

பூங்காக் காவலர் வந்து பெஞ்சைத் தட்டினார். இங்கே படுக்கக் கூடாது என்றார். அப்பா அவசரமாக எழுந்து நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டார். சுற்றிலும் குடும்பங்கள். அப்பா முன்பின் தெரியாத ஒருவரிடம் தலை குனிந்து நின்றதை நான் பார்த்ததே இல்லை.

திரும்பும்போது என்னைத் திட்டவே இல்லை. ஒன்று மட்டும் சொன்னார், அதுவும் அம்மாவிடம்: "டியூட்டில உக்காந்திருந்தா யாரும் வந்து எழுந்திருன்னு சொல்றதில்ல."

செப்டம்பர் 15, திங்கள்

என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? அவரே பாதி மனசோட இருந்தாரு. நானே போய் மீதியையும் தள்ளிவிட்டுட்டேனே. இனி அவரா வேண்டாம்னு சொல்லப்போறாரு?

காலையில் தலை வாரிவிடும்போது அம்மாவிடம் கேட்டேன், என் திட்டத்தில் எது தப்பு என்று. அம்மா சீப்பை நிறுத்தவில்லை. "ஆறு நாளும் மணி பார்த்து ஓடறவங்கடி நாங்க. ஏழாவது நாளும் ஒருத்தி கையில கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு மேய்ச்சா எப்படி?"

அப்புறம் சிக்கை எடுக்கிற சாக்கில் கொஞ்சம் பலமாகவே இழுத்தாள்.

வினாடி வினாக் கேள்விகளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். (இரண்டு நல்ல கேள்விகள் இருந்தன. அவற்றை மட்டும் வைத்திருக்கிறேன்.)

செப்டம்பர் 18, வியாழன்

அம்மாவின் போனில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஓட்டுகிற தடத்தின் கடைசி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு நீலத் திட்டு. நீலம் என்றால் தண்ணீர். ஆனால் எனக்கு இப்போது அச்சடித்த தண்ணீரில் நம்பிக்கை இல்லை.

அப்பாவிடமே கேட்டேன். கடைசி ஸ்டேஷனுக்கு மேலே என்ன இருக்கிறது?

"படி."

"படிக்கு மேலே?"

"எனக்கெப்படிடி தெரியும்?"

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியாது. ரயில் போய் நின்றதும் இந்தப் பக்கத்து ஓட்டுநர் அறையைப் பூட்டிவிட்டு, பிளாட்பாரத்தின் நீளத்துக்கும் நடந்து, அந்தப் பக்கத்து அறையில் ஏறி, அதே ரயிலைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வருவாராம். அதற்கே நேரம் சரியாக இருக்குமாம். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து தினமும் அங்கே போகிறார். ஒரு தடவைகூடப் படியேறியதில்லை.

எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. எத்தனை லட்சம் பேரை அந்தப் படிவரைக்கும் கொண்டுபோய் விட்டிருப்பார்!

செப்டம்பர் 21, ஞாயிறு

பட்டாணிக்குக் காய்ச்சல். இந்த ஞாயிறும் போயிற்று. இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

செப்டம்பர் 24, புதன்

கீழ்வீட்டுத் தையல் அக்காவிடம் அம்மா பேசிக்கொண்டிருந்தாள், நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். பட்டாணிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ கூட்டிப்போகப் போகிறாளாம் பெரியவள் என்று என்னைப் பார்த்துக் கண் காட்டினாள். அக்காவுக்கு இரட்டைப் பையன்கள். நாங்களும் வர்றோம் என்று உடனே சொல்லிவிட்டாள்.

அந்தக் கடைசி ஸ்டேஷனுக்கு மேலே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது அக்கா, ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம் என்றேன். நேர்மையாக.

"ஒண்ணுமில்லாத இடமா இருந்தா இன்னும் நல்லது, உடைக்கறதுக்கு எதுவும் இருக்காது. வீட்ல வெச்சிருந்தா இதுங்க ரெண்டும் என் மெஷினையே கழட்டி மாட்டுதுங்க."

இந்த முறை நான் எந்தத் திட்டமும் போடவில்லை. பேனாவைத் தொடாமல் இருப்பது எவ்வளவு கடினம்!

செப்டம்பர் 28, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது? கை முழுக்கப் புல் வாசனை. முழங்கையில் சிராய்ப்பு. வரிசையாகவே எழுதுகிறேன்.

காலையில் அப்பா வரமாட்டேன் என்றார். லீவு நாளில் வேலை செய்கிற இடத்துக்கே போவதா என்று கேட்டார். ஊழியர் குடும்பத்துக்கு ரயிலில் பாஸ் உண்டு, டிக்கெட்டே வேண்டாம் என்று அம்மா சொன்னாள். வெந்த முட்டையும் ரொட்டியும் எடுத்தாயிற்று என்றாள். அதற்குள் இரட்டையர்கள் வந்து எங்கள் கதவை உதைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார்.

ரயிலில் அப்பா என் பக்கத்தில் பயணியாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் அவருடைய வலது கை தன்னால் மடியிலிருந்து எழும்பும். பிரேக். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையை மடக்கி வைத்துக்கொண்டார்.

கடைசி ஸ்டேஷனில் இறங்கினோம். அப்பா இறங்கியதும் நேராகப் பிளாட்பாரத்தின் மறுகோடியை நோக்கி நடக்க ஆரம்பித்தார். வேகமாக. பட்டாணி ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அங்க இல்ல. படி இங்க இருக்கு." அப்பா நின்றார், திரும்பினார், எல்லாருடனும் படியேறினார்.

மேலே வந்தால் — சுவர்.

ஒரு தெரு, சைக்கிள் பழுது பார்க்கும் கடை, எதிரே நீளமான சுவர். அவ்வளவுதான். மறுபடியுமா? அப்பா சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தும்பி என்று ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அதற்குள் இரட்டையர்களைக் காணவில்லை. அக்கா பதறிக்கொண்டு கூப்பிட்டாள். சுவரின் ஒரு வளைவுக்குப் பின்னாலிருந்து, உயரத்திலிருந்து, பதில் வந்தது. அங்கே ஒரு திறப்பு. உள்ளே கற்படிகள். கல்லும் மண்ணும் புல்லுமாக மேலே போகும் ஒரு பெரிய கரை.

ஏறினோம். ஏரி!

அச்சடித்த ஏரி இல்லை. நிஜ ஏரி. மறுகரையில் நிற்கிற மனிதர்கள் கடுகளவு. காற்று அடித்த அடியில் அம்மாவின் தலைமுடி முழுக்கக் கலைந்தது. அம்மா அதைச் சரி செய்யவில்லை. டிக்கெட் கொடுக்கும் இடம் எங்கே என்று தேடினாள். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், எங்கே காசு கட்டணும் என்று கேட்டாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எதுக்கும்மா, காத்துக்கா?"

கரையின் உள்பக்கம் நீண்ட புல்சரிவு. கீழே அகலமான புல்வெளி, அதற்கப்புறம்தான் தண்ணீர். உட்காருவதற்காக அக்கா துணி வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து எடுத்து வந்திருந்தாள். இரட்டையர்களுக்கு அட்டையையும் சரிவையும் காட்டிவிட்டால் வேறு எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவன் உட்கார்ந்தான், இன்னொருவன் தள்ளினான். அக்கா வாயில் கை வைப்பதற்குள் அவன் கீழே போய்ச் சேர்ந்துவிட்டான், சிரித்துக்கொண்டே.

பட்டாணி அப்பாவைப் பார்த்தாள். இங்கே உயரம் அளக்க யாருமில்லை. அப்பா அவளை மடியில் வைத்துக்கொண்டு அட்டையில் உட்கார்ந்தார். பாதிச் சரிவில் அட்டை பக்கவாட்டில் திரும்பியது. அப்பா ஒரு சத்தம் போட்டார். எங்கள் அப்பா! வீட்டில் சத்தம் போடாதீங்க என்று கத்துகிறவர்! இருவரும் உருண்டார்கள். கீழே கிடந்தபடியே அப்பா சிரித்தார். பட்டாணி அவர் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து மறுபடி, மறுபடி என்றாள்.

அம்மா தனக்கு வேண்டாம் என்றாள். புல் கறை எந்தச் சோப்புக்கும் போகாது, துவைக்கப்போவது யார், நீங்களா என்று கேட்டாள். அப்பா, ஆமாம் நான்தான் என்றார். எல்லாரும் சாட்சி என்று சொல்லிவிட்டு அம்மா உட்கார்ந்தாள். முகத்தை மருத்துவமனைக்குப் போகும்போது வைத்திருப்பது போல இறுக்கமாக வைத்துக்கொண்டு நேர்கோட்டில் கீழே போனாள். போய் எழுந்தாள். அட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மறுபடி மேலேறி வந்து, வரிசையில் நின்ற இரட்டையர்களை விலக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

இதையெல்லாம் நான் மேலே உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து என் நோட்டைப் பிடுங்கி, விரிப்பின் மேல் வைத்து, பறக்காமல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். "அது எங்கயும் போகாது. நீ போ."

போனேன். எப்படி இருந்ததென்று எழுத வரவில்லை. நான் கீழே வந்துவிட்டேன், வயிறு மட்டும் கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

சாப்பிட்ட பிறகு இன்னொன்று நடந்தது. கரையோரம் புல்லுக்கு நடுவே தரையில் பதித்த ஒரு பெரிய இரும்புக் கம்பித் தட்டி. பட்டாணி அதன் மேல் நின்றாள். திடீரென்று கீழேயிருந்து காற்று வீசி அவள் சட்டை குடை மாதிரி விரிந்தது. அவள் கிறீச்சிட்டாள். அப்பா குனிந்து காதை வைத்துக் கேட்டார். கீழே ரயில் வருகிறது என்றார். பிரேக் போடுகிற முரட்டுத்தனத்தைப் பார்த்தால் மீசைக்காரராம், அப்பாவோடு வேலை செய்கிறவர்.

பிறகு அப்பா அந்தத் தட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சுரங்கத்துக்குள் ரயில் போகும்போது முன்னால் இருக்கிற காற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு போகும் என்று எனக்கு விளக்கினார். அது எங்கேயாவது வெளியே வந்துதானே ஆக வேண்டும்? "இத்தனை வருஷமா நான் தள்ளின காத்தெல்லாம் இங்கதான் வந்து சேர்ந்திருக்கு. நான்தான் வரல."

நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட மிகப் பெரிய கேள்வி இதுதான். டியூட்டி பற்றி அவரும் பேசவில்லை.

வீடு வரும்வரை யாரும் யாரையும் பார்த்துக் கத்தவில்லை. அப்பா தூங்கவும் இல்லை. எங்களுக்கு ஒரு பைசாகூடச் செலவாகவில்லை. மூன்றும் நடந்துவிட்டது!

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்றுதான் கடைசி நாள். அப்பா வந்தார், சாப்பிட்டார், படுத்துவிட்டார். அம்மாவும் எதுவும் கேட்கவில்லை. நான் ஒரே பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சொல்லிட்டாரா? என்னன்னு சொன்னாரு? வேண்டாம்னு சொல்லியிருந்தா நம்மகிட்ட சொல்ல மாட்டாரா? சரின்னு சொல்லிட்டதாலதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருக்காரோ?

அம்மாவிடம் கேட்டேன். அவர்கிட்டயே கேளு என்றாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காதவரை இரண்டுமே உண்மை.

அக்டோபர் 2, வியாழன்

தையல் அக்கா ஏரியைப் பற்றி மாடிக்கு மாடி சொல்லிவிட்டாள். தண்ணீர் பிடிக்கப் போனால் மூன்றாம் மாடி மாமி நிறுத்துகிறார், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று. மின்வேலை மாமா தன் மூன்று பிள்ளைகளுக்கும் அட்டை கிடைக்குமா என்று கேட்கிறார். எல்லாரும் என்னிடமே கேட்கிறார்கள். பெருமையாக இருக்க வேண்டும். ஆனால் அப்பா இல்லாமல் ஊரையே கூட்டிக்கொண்டு போய் நான் என்ன செய்ய?

அக்டோபர் 5, ஞாயிறு

கண் விழித்தபோது அப்பாவின் படுக்கை காலி. வாசலில் அவர் ஷூ இல்லை. டியூட்டிப் பையும் ஆணியில் இல்லை.

போயிட்டாரு.

கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அழவில்லை என்று எழுத ஆசை. எழுத முடியாது.

முகம் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா பெரிய பாத்திரத்தில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் நிறைய. இத்தனையும் யாருக்கு என்று கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று உடனே புரிந்துவிட்டது அவளுக்கு. "முதல்ல கீழே போய்ப் பாருடி, அழுமூஞ்சி."

கீழே தையல் அக்கா வீட்டு வாசல் முழுக்க அட்டை. அப்பா ஷூவோடு சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டையிலும் துளை போட்டு, பிடித்துக்கொள்ள நாடா கட்டிக்கொண்டிருந்தார். டியூட்டிப் பை பக்கத்திலேயே இருந்தது, ரொட்டி அடைத்து. போன தடவை பிடிமானம் இல்லாமல்தான் பக்கவாட்டில் திரும்பியதாம். யாரோ கேட்டது போல எனக்கு விளக்கினார்.

நான் வாசற்படியிலேயே நின்றேன். டியூட்டி? என்றேன்.

அப்பா நாடாவில் முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இருக்குன்னு சொல்லிட்டேன். என்ன வேலைன்னு கேட்டாரு. சறுக்கற வேலைன்னு எப்படிச் சொல்றது? குடும்ப வேலைன்னேன்."

ஞாயிறு டியூட்டியை மீசைக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாராம். அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாமியார் வருவாராம்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ கேப்பேன்னு இருந்தேன். எல்லாத்தையும் கேக்கறவ, இதை மட்டும் கேக்கல."

பத்தொன்பது பேர் போனோம். படியேறும்போது அப்பா முன்னால் நடந்தார். கதவுப் பக்கம் நிற்காதீங்க, சின்னப் பிள்ளைங்க கையைப் பிடிச்சுக்கோங்க என்று ரயில் அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார். மின்வேலை மாமா அடுத்த நிறுத்தம் எது என்று கேட்டார். எல்லாருக்கும் சிரிப்பு. மூன்றாம் மாடி மாமி முதலில் சறுக்க மறுத்தார், பிறகு அட்டையை விட்டு இறங்க மறுத்தார்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்னும் விடியவில்லை, அப்பா எழுப்பிவிட்டார். ஏரியில் சூரியன் வருவதைப் பார்க்க வேண்டுமாம். முதல் ரயிலைப் பிடிக்க வேண்டுமாம்.

எனக்கு உண்மையிலேயே வர மனமில்லை. நூலகப் புத்தகத்தில் கடைசி இரண்டு அத்தியாயம் பாக்கி. இந்த ஒரு ஞாயிறு நான் வீட்டிலேயே இருந்து படிக்கட்டுமா என்று கேட்டேன்.

அப்பா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். பட்டாணி படியில் பாதி தூரம் இறங்கிவிட்டாள். அம்மா கீழேயிருந்து கூப்பிடுகிறாள்.

"அங்க வந்து படி. சுவருக்குள்ள உக்காந்து படிக்கற வயசா உனக்கு?"

ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறேன்.